இலவசச் சக்கரம்

முப்பத்தாறு கம்பி என்று சவரியார் சொன்னதிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது, இருபது. ஒவ்வொன்றையும் அவர் இடுக்கியால் வெட்டும்போது அது சிமெண்டுத் தரையில் விழுந்து ஒரு சத்தம் எழுப்புகிறது, அந்தச் சத்தத்துக்கு ஒரு சொல் தேடுகிறேன், கணீர் என்பது மணிக்கு, கிணுகிணு என்பது கொலுசுக்கு, இது இரண்டுமில்லை, விழுந்ததைப் பற்றி அக்கறையே இல்லாத ஒரு 'டிண்', இருபத்தொன்று, இதைக் கேட்டுக்கொண்டு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு முத்தியால்பேட்டையில் ஒரு சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அறுபத்திரண்டு வயதில் எனக்கு வேறு வேலை இல்லை. "கம்பி முனையில இருக்கற நிப்பிள் எல்லாம் கடல் காத்துல துரு ஏறிப்போச்சு ஐயா, திருகினா தலைதான் சுத்துது, வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் சவரியார். வெட்டுங்கள் என்றேன். வெட்டுவதற்கு முன் ஒரு தரம், வெட்ட ஆரம்பித்த பிறகு ஒரு தரம், இரண்டு தரம் அவர் கேட்டுவிட்டார்: "நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்தறீங்க? காலு பிரேக்கு ஜம்முனு புடிக்குது." இந்த வண்டியில் மிதியைப் பின்பக்கமாக அழுத்தினால் பின்சக்கரம் நின்றுவிடும். கையில் பிரேக் கிடையாது. சும்மா பின்னால் சுற்றவும் முடியாது, சுற்றினால் அதுவே தடை. வெள்ளைக்காரர்கள் ஊரில் அப்படித்தான், நம் ஊருக்கு அது ஒத்துவராது, நம் ஊரில் மிதி பின்னால் சுழல வேண்டும், பிரேக் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஒரு உறுப்புக்கு ஒரு வேலைதான் இருக்க வேண்டும் சவரியார், ஓடுவதற்குக் கால், நிறுத்துவதற்குக் கை, ஒரே கால் ஓடவும் வேண்டும் நிற்கவும் வேண்டும் என்றால் அது ஒரே சொல்லுக்கு எதிரெதிர் பொருள் வைத்ததைப்போல, குழப்பம். அவர் இடுக்கியைத் தொடையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தமிழ்லயே பாருங்க" என்று நான் விடாமல், "வருவாள், வாராள், அதாவது வரமாட்டாள். ஒரே வினை. முதல் எழுத்து நீண்டா எல்லாம் நின்னுபோச்சு." சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் இந்தக் கால் பிரேக் சுத்தமான தமிழ் இலக்கணம் அல்லவா, நான் என் கட்சிக்கு எதிராகவே உதாரணம் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது. சவரியாருக்கு உறைக்கவில்லை, அல்லது உறைத்தும் மரியாதைக்காக விட்டுவிட்டார். "யாரு வாராள் ஐயா?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை, என்றேன். டிண். இருபத்திரண்டு.

வண்டியை வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது. கடற்கரைப் பக்கம் ஒரு பேக்கரிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் மூன்று எழுத்துப் பிழை, ஊரைவிட்டுப் போகிற ஒரு ஜெர்மன் அம்மாள் யாரையோ தமிழில் எழுதச் சொல்லி ஒட்டியிருந்தாள், 'பெண்கள் சைக்கிள் விர்பனைக்கு', வல்லின றகரம் போட்டுத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தவன் கீழே இருந்த தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பச்சை நிறம். குறுக்குத் தண்டு இல்லை. முன்னால் கூடை. வாங்கிய அன்றே அதை ஓட்டிப் பார்த்தேன், ஓட்டினேன் என்று சொல்வதைவிட அதனோடு போனேன் என்று சொல்லலாம், கால்வாய் ஓரத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரம், நின்று கிளம்பும்போது வலது மிதியை மேலே கொண்டுவரப் பின்னால் சுற்றுவோமே, ஐம்பது வருஷமாகச் சுற்றுகிறோம், சுற்றினேன், சக்கரம் பிடித்துக்கொண்டது, நான் மெதுவாக, மிக மெதுவாக, யோசிப்பதற்கு நேரம் இருக்கும் அளவுக்கு மெதுவாக இடது பக்கம் சாய்ந்து ஒரு வாகை மரத்தின் மீது படிந்தேன். சுமார் நாற்பது மாணவிகள் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி "தாத்தா நெஜமாவே ஓட்டத் தெரியுமா?" என்றாள், கிண்டல் இல்லாமல், தகவலுக்காகக் கேட்பதுபோல. வீட்டுக்கு வந்து முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டபோதே முடிவு செய்துவிட்டேன், இது ஒரு பிழை, திருத்த வேண்டும். முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவனுக்கு வேறு எந்த முடிவு வரும்? என் முழங்கை ஆறிவிட்டது, அந்தப் பெண்ணின் கேள்வி ஆறவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு. சக்கரத்தின் நடுவிலிருந்து அந்த ஹப்பு கழன்று சவரியாரின் கையில் வந்தது, கைக்கு அடங்கிய ஒரு கனத்த உருளை, பக்கத்தில் ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது, வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள. அதைப் பழைய செய்தித்தாளில் வைத்தார். காகிதத்தில் எண்ணெய் வட்டமாகப் பரவுகிறது, ஒரு தலைப்பின் மீது, அந்தத் தலைப்பில் ஒற்று மிகவில்லை, மிகுந்திருக்க வேண்டும், எண்ணெய் அதை மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாசம் என்றுதான் போனாள். மகள் நிறைமதிக்குப் பிரசவம், ஜெர்மனியில் பிரேமன் என்ற ஊர், ஐந்து மாசம் அல்லது ஆறு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று குமுதவல்லி சொன்னாள், அது மூன்று வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டு அகராதியில் இப்போது ஆறு மாசம் என்ற பதிவுக்கு எதிரே மூன்று ஆண்டு என்று போட வேண்டும். சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் யாராவது கேட்டால் சொல்லலாம். குழந்தைக்கு ஒரு வயசாகட்டும் என்றாள், பிறகு காப்பகத்தில் இடம் கிடைக்கட்டும் என்றாள், பிறகு எதுவும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை அவள்தான் கூப்பிடுவாள், நான் கூப்பிட்டதில்லை, கூப்பிடக் கூடாது என்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடுவாள் என்பதால் மற்ற கிழமைகளில் கூப்பிட ஒரு காரணம் வேண்டும் என்று தோன்றும், உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. போன அன்று விமான நிலையத்தில், பெட்டிகளையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகு, வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒண்ணு சொல்லட்டுங்களா, நான் பேசறப்ப நீங்க என் வாயைப் பாக்கறீங்க, என்னைப் பாக்கறதில்ல" என்றாள். நான் அதற்கு என்ன சொன்னேன் என்று மூன்று வருஷமாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன், 'பாக்கறது இல்ல' என்று பிரித்துத் திருத்தவில்லை என்பது மட்டும் நிச்சயம், அவ்வளவு மோசமானவன் அல்ல, ஆனால் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் அவளைக் குமுதா என்று கூப்பிட, நான் ஒருவன்தான் குமுதவல்லி என்று முழுசாகக் கூப்பிடுவேன், அது ஒரு பெருமை என்று நினைத்தேன், ஒரு தரம் அவள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "அவரு கூப்பிட்டா பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கற மாதிரி இருக்குடி." ஆஜர் எடுக்கிறவருக்குத் தெரியும், எவ்வளவு முழுசாகக் கூப்பிட்டாலும் வராத பெயர் வராது. போன வருஷம் ஒரு ஞாயிறு நிறைமதி வீடியோவில் கூப்பிட்டு, அப்பா அப்பா இங்கே பாருங்க என்றாள், ஒரு ஆற்றங்கரைப் பாதை, இரண்டு பக்கமும் புல், குமுதவல்லி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருகிறாள். ஐம்பத்தாறு வயதில். புடவையில்லை, ஏதோ சாம்பல் நிறக் காற்சட்டை, தலையில் கவசம். வந்தாள், நெருங்கினாள், நின்றாள், ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கொண்டு என்னைப் பார்த்தாள், மூச்சு வாங்கிற்று, நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில் வேர்வை, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். "ஹெல்மெட்டு கோணலா இருக்கு பாரு" என்றேன்.

கோணலாகத்தான் இருந்தது. அது உண்மை. உண்மையைச் சொன்னதற்கு வருந்தக் கூடாது என்று ஒரு வாரம், வருந்தலாம் என்று ஒரு வாரம், இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு சைக்கிளைப் பற்றி அவள் பேசவில்லை. பத்து நாளைக்கு ஓட்டினாளா, இன்னும் ஓட்டுகிறாளா, தெரியாது, கேட்கவில்லை. போன மாசம் "டிக்கெட்டு போட்டாச்சு, இருபத்திரண்டாந் தேதி வெள்ளிக்கிழமை காலையில வந்துடுவேன்" என்றாள். போட்டாச்சு. போட்டாச்சு என்பதில் எண் தெரியாது, ஒன்று போட்டாலும் போட்டாச்சு, இரண்டு போட்டாலும் போட்டாச்சு, போவதற்கும் வருவதற்கும் சேர்த்துப் போட்டாலும் போட்டாச்சு. திரும்பிப் போகிற தேதி என்ன என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் போகச் சொல்வதாக ஆகும். கேட்காவிட்டால் எத்தனை நாள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை என்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்க வேண்டும், தேடினேன், அந்தத் தேடலில் பேக்கரிச் சுவர் வந்தது, பச்சை சைக்கிள் வந்தது, இதோ வாசலில் சைக்கிள் நிற்கிறது பார் என்றால் போதும், இருந்துவிடு என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் வாங்கி வைப்பது மூன்று வாரத்துக்கு வருகிறவர்களுக்காக அல்ல. அது அவளுக்குப் புரியும். புரியாவிட்டாலும் கூடையில் காய்கறி வாங்கிக்கொண்டு வரட்டும்.

"டீ சொல்லட்டுமா ஐயா?" வேண்டாம். சவரியார் புதிய ஹப்பை மடியில் வைத்துக்கொண்டு கம்பி கோக்க ஆரம்பித்துவிட்டார், ஒன்று உள்ளிருந்து வெளியே, ஒன்று வெளியிலிருந்து உள்ளே, மூன்று துளை விட்டு ஒன்று, அவர் எண்ணுவதில்லை, விரல் எண்ணுகிறது. பக்கத்தில் ஒரு சிறிய அட்டைப் பெட்டியில் ஃப்ரீவீல். அதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டு எடுத்தேன். உள்ளே ஒரு வளையம், வெளியே பல் வைத்த ஒரு வளையம். ஒரு பக்கம் திருப்பினால் இரண்டும் சேர்ந்து போகிறது, மறுபக்கம் திருப்பினால் டிக்டிக்டிக் என்று தனியே சுற்றுகிறது. இதற்கு ஒரு சொல் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள், நான் சிரிக்க மாட்டேன், ஏனென்றால் அது என் கையெழுத்தோடு அச்சில் இருக்கிறது. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு கலைச்சொல் கையேடு போட்டார்கள், நாலாயிரம் சொல், மெய்ப்பு நான். தட்டச்சு செய்தவர் 'ஃப்ரீ' என்று வந்த இடத்திலெல்லாம் ஒரே மூச்சில் 'இலவச' என்று மாற்றியிருந்தார், ரேஷன் கடைக்கு எதிரே குடியிருந்தவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இலவசத் துறைமுகத்தைப் பிடித்தேன், இலவச வீழ்ச்சியைப் பிடித்தேன், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இலவசச் சக்கரத்தைக் கோட்டைவிட்டேன். அச்சாகி வந்து நாலு மாசம் கழித்து விருத்தாசலத்திலிருந்து ஒரு பயிற்சி ஆசிரியர் அஞ்சலட்டை போட்டார், ஐயா, ஃப்ரீவீல் எந்தக் கடையில் இலவசமாகத் தருகிறார்கள் என்று தெரிவித்தால் மாணவர்களுக்குப் பயன்படும். நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். இலவசம் என்பது கைம்மாறு கருதாமல் கிடைப்பது, மிதிக்காமலே கிடைக்கும் ஓட்டம் கைம்மாறு இல்லாத ஓட்டம், ஆகவே இச்சொல் ஆழ்ந்து நோக்குங்கால் பொருத்தமே. ஆழ்ந்து நோக்குங்கால் என்று எழுதினேன், பொய் சொல்லும்போது என் நடை உயர்ந்துவிடும். தபாலில் போடக் கொடுத்தபோது குமுதவல்லி அதைப் படித்துவிட்டு, "தப்புன்னு ஒரு வரி எழுதினா போதாதா? ஒரு வரியில முடியறதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்" என்றாள். போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள், மழைக்கு ஆட்டோக்காரர் யாராவது தானாக வந்து நின்றால், "இலவசச் சக்கரம் வந்திருக்கு, ஏறுங்க" என்பாள். நான் சிரித்ததில்லை. சிரித்திருந்தால் அது ஒரு வகையான பிழைதிருத்தப் பட்டியல் ஆகியிருக்கும்.

டிக்டிக்டிக். இந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை, சவரியாரிடம் சொன்ன காரணமெல்லாம் போக, உண்மையில் இதற்காகத்தான் மாற்றுகிறேனோ என்றும் ஒரு எண்ணம். கால் பிரேக் வைத்த வண்டி சத்தமே போடாது, சறுக்கிக்கொண்டு வரும், பக்கத்தில் வந்த பிறகுதான் வந்தது தெரியும். இது அப்படியில்லை. தெருமுனையில் மிதிப்பதை நிறுத்தினால் அங்கிருந்து வாசல்வரைக்கும் டிக்டிக்டிக் என்று சொல்லிக்கொண்டே வரும், வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன், நான் உள்ளே நாற்காலியில் இருப்பேன், எழுந்து போகமாட்டேன், தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன், வருகிறாள் என்று தெரிந்தால் போதும். மூன்று வருஷத்தில் வீட்டில் யாரும் வரும் சத்தம் எதுவும் இல்லை. குழாய் சொட்டும், குளிர்பெட்டி உறுமும், பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் செருப்பு ஏறும், அது என் வீட்டுப் படிக்கட்டு என்று நினைத்து ஒரு நாள் கதவைத் திறந்துகூட வைத்தேன், பிறகு திறந்ததற்குக் காரணமாகக் கோலப்பொடி டப்பாவை வெளியே எடுத்து வைத்து உள்ளே எடுத்து வைத்தேன். கோலம் போட ஆள் இல்லாத வீட்டில் கோலப்பொடி கட்டிதட்டிப் போயிருந்தது. சரி. வெள்ளிக்கிழமை.

"பதினாறு" என்று எண்ணினேன், கோத்த கம்பிகள், பதினேழு, "வீட்டம்மாவுக்கு கை பிரேக்கு பழக்கம்தான?" என்று சவரியார் தலை நிமிராமல் கேட்டார். பழக்கம்தான் என்று வாய் சொல்லிவிட்டது. அவளுக்கு எது பழக்கம். கல்யாணமாகி முப்பது வருஷம் அவள் சைக்கிள் தொட்டதில்லை, தொட்டதெல்லாம் அங்கேதான், அந்த ஆற்றங்கரையில்தான், சாம்பல் நிறக் காற்சட்டை, புல், வந்தாள், நெருங்கினாள், நின்றாள், எப்படி நின்றாள்? ஹெல்மெட் கோணலாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை எங்கே இருந்தது, கை கைப்பிடியில் சும்மா இருந்தது, விரல் எதையும் அழுத்தவில்லை, அதற்கு முன்னால் ஒரு குரல், நிறைமதியின் குரல், படத்துக்கு வெளியிலிருந்து, ஒரு வருஷமாக நான் மனசுக்குள் இந்தப் படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு தரம்கூட ஒலியோடு ஓட்டவில்லை, இப்போது கேட்கிறது, "அம்மா பின்னால மிதி, பின்னால மிதி, பின்னால மிதிம்மா", அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் மிதிக்கிறாள், வண்டி நிற்கிறது, அதற்குத்தான் அந்த மூச்சு, அதற்குத்தான் அந்த வேர்வை, நிறுத்தக் கற்றுக்கொண்டதைக் காட்டத்தான் கூப்பிட்டார்கள், ஓட்டுவதைக் காட்ட அல்ல. எங்கள் தெரு பெரிய ரோட்டில் போய் முட்டும் இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது, சின்னச் சரிவு, நடக்கிறவர்களுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். திண்டிவனம் பஸ் அங்கேதான் வேகம் எடுக்கும். கூடையில் காய்கறியோடு அவள் இறங்குகிறாள், நான் நாற்காலியில் இருக்கிறேன், டிக்டிக்டிக் என்று கேட்கிறது, போய்க்கொண்டிருக்கிறேன் என்று கேட்கிறது, பஸ்ஸைப் பார்க்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, பின்னால் மிதிக்கிறாள், கால் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, ஒன்றும் பிடிக்கவில்லை, வெறும் காற்று, டிக்டிக்டிக், கால் சுற்றுகிறது, வண்டி போகிறது. கையில் பிரேக் இருக்கிறதே என்று நான் சொல்வேன், கவனமாகப் பொருத்தியிருக்கிறேனே, புது ரப்பர், கையால் பிடித்திருக்க வேண்டாமா என்று யாரிடம் சொல்வேன், சொல்லும் வாயைப் பார்க்க யார் இருப்பார்கள். ஃப்ரீவீலைப் பெட்டியில் வைத்தேன். விரலில் கிரீஸ். சட்டையில் துடைத்தேன், துடைக்கக் கூடாது என்று தெரியும், துடைத்துவிட்டேன். "பதினெட்டு" என்றார் சவரியார், "பாதி ஆச்சு." சொல்லிவிடலாம். கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தத் தரமும் நானாகவே முடிவு செய்து நானாகவே திருத்தியதாகத்தான் ஆகும், அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்ததாக நினைத்து மாற்றினேன், இப்போது தெரிந்ததாக நினைத்து மாற்றாமல் விடுவேன், இரண்டிலும் அவள் இல்லை. மணி பதினொன்றரை. அங்கே காலை எட்டு. புதன்கிழமை. காரணம் இருக்கிறது.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். "என்னங்க, உடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை என்றேன். "பின்ன? இன்னிக்கு புதன்கிழமை." தெரியும். சவரியார் கம்பி கோப்பதை நிறுத்திவிட்டு நாகரிகமாகத் தெருவைப் பார்த்தார். "உனக்கு பிரேக்கு கால்ல வேணுமா கையில வேணுமா?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு தட்டில் கரண்டி விழுந்தது, குழந்தை அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டது, குமுதவல்லி அதே பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள், சரளமாகச் சொன்னாள். "எந்த பிரேக்கு?" சைக்கிள். "யாரு சைக்கிளு?" உன்னுது, வாங்கியிருக்கேன், பச்சைக் கலர். போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். "எனக்கா?" உனக்குத்தான். "நெஜமாவே கேக்கறீங்களா, இல்ல எல்லாம் செஞ்சி முடிச்சிட்டு கேக்கறீங்களா?" நான் சவரியாரின் மடியைப் பார்த்தேன். ஒரு பாதி கம்பி கோத்து, மறுபாதி துளைகள் திறந்து கிடக்கும் சக்கரம். "பாதி செஞ்சிட்டுக் கேக்கறேன்" என்றேன். சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு அல்ல, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு எனக்குத் தெரியும், அது பக்கத்தில் ஆள் இருக்கும்போது சிரிப்பது. இது இலவசச் சக்கரம் வந்திருக்கு ஏறுங்க என்பாளே, அந்தச் சிரிப்பு. "பாதி செஞ்சிட்டாவது கேட்டீங்களே" என்றாள். "கால்லயே இருக்கட்டும்ங்க. கையில பிரேக்கு பழக எனக்கு இன்னும் ஒரு ஆறு மாசம் ஆவும்." ஆவும். ஆகும் என்பது சரி. முப்பது வருஷமாக ஆவும் என்கிறாள், முப்பது வருஷமாக ஆகும் என்கிறேன், நாக்கு தானாகவே மேலண்ணத்தின் பின்பக்கம் போய் நின்றுகொண்டது, "ஆ" என்று குரலும் வந்துவிட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும், அந்தப் பக்கம் மூச்சு நின்றது, ஹெல்மெட்டோடு காலை ஊன்றி நின்ற அதே நிற்பு, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு. "ஆ" என்றேன் மறுபடியும். பிறகு, "மா." "என்னது?" ஆமான்னேன், ஆமா, ஆறு மாசம். "சரி வெக்கறேன், லீனாவுக்கு காப்பகத்துக்கு நேரமாச்சு" என்றாள். வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வைத்தாள்.

கையில பிரேக்கு பழக ஆறு மாசம் ஆவும். ஆவும், அதனால் இருந்து பழகுவேன் என்றா? ஆவும், அவ்வளவு நாள் எங்கே இருக்கப்போகிறேன், காலிலேயே விட்டுவிடுங்கள் என்றா? வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இன்னும் என்று ஒரு சொல் வைத்தாள், இன்னும் ஒரு ஆறு மாசம், அந்த இன்னும் எங்கே ஒட்டுகிறது, பழக என்பதிலா, ஆறு மாசத்திலா, எனக்கு ஒரு பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தால் போதும், சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிடுவேன், பிரித்துப் பார்த்தாலும் தெரியாது. எங்கள் அகராதியில் ஆறு மாசம் என்றால் மூன்று வருஷம் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. கேட்டிருக்கலாம். போட்டாச்சுன்னியே, எத்தனை டிக்கெட்டு போட்டே? புதன்கிழமை கூப்பிட ஒரு காரணம் கிடைத்ததே பெரிது, ஒரே நாளில் இரண்டு கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

"சவரியார்" என்றேன். ம் என்றார். "தப்பாயிடுச்சு." "என்னா தப்பு?" "என் தப்பு. பழைய ஹப்பையே போட்டுடுங்க." ஒரு வரியில் முடிந்துவிட்டது, அவள் சொன்னது சரிதான், இரண்டு பக்கம் தேவைப்படவில்லை. சவரியார் கோத்த பதினெட்டையும் பார்த்தார், கோக்காத பதினெட்டையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நான் அப்பவே கேட்டேன், அதும் ரெண்டு வாட்டி. நீங்க வருவாள் வாராள்னு பாடம் எடுத்தீங்க." எடுத்தேன் என்றேன். "அந்த ஹப்புக்கு கம்பி நீளம் வேற. நீங்க பாத்துக்கினே இருக்க நான் வெட்டிப் போட்டேன். மார்க்கெட்டு பக்கம்தான் போயி தேடணும்." தேடுங்கள், வெள்ளிக்கிழமை காலையில் வருகிறார்கள். "அம்மாதான சொன்னாங்க, கால்ல வேணும்னு?" அவங்கதான். "அப்ப நாளைக்கு சாயங்காலம் எடுத்துக்கங்க" என்றார், நான் சொன்னதாக இருந்தால் அடுத்த வாரம் என்றிருப்பார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. கோத்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார், இவை வெட்டியவை போல விழவில்லை, கையிலேயே சேர்ந்தன. எண்ணெய் வட்டத்திலிருந்து பழைய ஹப்பை எடுத்துத் துணியில் சுற்றி என் பக்கமாக நகர்த்தி வைத்தார், நீங்களே பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. பிடித்துக்கொண்டேன். குழந்தையின் கனம் இருக்கும். லீனாவை நான் தூக்கியதில்லை, பிறந்தபோது எவ்வளவு இருந்தாள் என்று சொன்னார்கள், மறந்துவிட்டது, மூன்று கிலோ என்றார்களா, அதற்குக் கொஞ்சம் மேலா. "இந்த ஃப்ரீவீலு? வாங்கின கடைக்கே திருப்பிக் குடுத்துடட்டுமா?" என்று சவரியார் பெட்டியைத் திறந்தார். வேண்டாம் என்றேன். "பின்ன?" "ஆணியில மாட்டி வைங்க. ஆறு மாசம் கழிச்சு வரேன்." மாட்டுவதற்கு முன்னால் அவர் அதை இடது கட்டைவிரலில் கோத்து வலது கையால் ஒரு தட்டுத் தட்டினார், பழக்க தோஷம், சைக்கிள் கடைக்காரர் யாரானாலும் தட்டுவார்கள். டிக்டிக்டிக் என்று வேகமாக ஆரம்பித்து, தெருமுனைவரை வந்ததுபோல், பக்கத்து வீடுவரை வந்ததுபோல், டிக், டிக் என்று தளர்ந்து, வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி சுத்துங்க" என்றேன்.